பல இயங்குதளக் கணினிக்கு டிஸ்க் இமேஜ்: எந்த மென்பொருளை நம்பலாம்?

டிஸ்க் இமேஜ் என்பது டிஸ்கில் உள்ளவற்றை, இயங்குதளங்கள் உட்பட, அப்படியே திருப்பிப் போடும் வகையில் எடுத்துவைக்கும் நகல். கீழே வரும் பதில்களுக்கெல்லாம் ஓர் உதாரண லேப்டாப்பை வைத்துக்கொள்வோம். 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, யூஇஎஃப்ஐ (பழைய பயாஸின் இடத்துக்கு வந்த தொடக்க மென்பொருள்) முறையில் பூட் ஆகிறது. டிஸ்கில் வரிசையாக இருப்பவை: 260 எம்பி இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் (பூட் கோப்புகள் இருக்கும் இடம், இனி இஎஸ்பி), 16 எம்பி மைக்ரோசாஃப்ட் ரிசர்வ்டு பார்ட்டிஷன், 300 ஜிபி விண்டோஸ் 11, அதன் ரெக்கவரி பார்ட்டிஷன், இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் 100 ஜிபி உபுண்டு லினக்ஸ், இன்னொரு லினக்ஸான ஃபெடோராவுக்கு 1 ஜிபி பூட் பார்ட்டிஷனும் 150 ஜிபி பிடிஆர்எஃப்எஸ் பார்ட்டிஷனும், ராம் போதாதபோது லினக்ஸ் பயன்படுத்தும் 16 ஜிபி ஸ்வாப். மீதி இடம் முழுவதும் எல்லா இயங்குதளங்களும் பகிர்ந்துகொள்ளும் என்டிஎஃப்எஸ் டி டிரைவ்.

முக்கியமான கோப்புகளை மட்டும் நகலெடுத்து வைத்தால் போதாதா?

ஆவணங்களுக்கும் புகைப்படங்களுக்கும் அது போதும். தினசரி பேக்கப்புக்கு அதுதான் சரியான வழியும்கூட. ஆனால் மூன்று இயங்குதளங்களை மறுபடி நிறுவி, டிரைவர் போட்டு, பூட் மெனுவைச் சரிக்கட்ட இரண்டு நாள் போய்விடும். இமேஜ் இருந்தால் அந்த வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடியும். ஒன்று இருப்பதால் இன்னொன்று வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள்.

விண்டோஸ் மட்டும் உள்ள கணினிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? எந்த இமேஜ் மென்பொருளும் டிஸ்க் முழுவதையும்தானே எடுக்கும்?

எடுக்கும். சிக்கல் வருவது திருப்பிப் போடும்போதுதான். ஒற்றை இயங்குதளக் கணினியில் ரீஸ்டோர் என்றால் டிஸ்க் முழுவதையும் பழைய நிலைக்குக் கொண்டுபோவது, அவ்வளவே. பல இயங்குதளக் கணினியில் பெரும்பாலும் ஒன்றுதான் கெடும். மற்றவை நேற்றுவரை செய்த வேலையோடு நன்றாக இருக்கும். அப்போது கெட்டதை மட்டும் எடுத்துப் போடத் தெரிந்த மென்பொருள்தான் உதவும்.

எதையெல்லாம் காப்பாற்ற வேண்டும் என்பதையும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். பார்ட்டிஷன்களுக்குள் இருப்பது ஒரு பகுதிதான். ஜிபிடி பார்ட்டிஷன் அட்டவணை டிஸ்கின் முதல் 34 செக்டார்களில் இருக்கும். அதன் மறுபிரதி கடைசி 33 செக்டார்களில் இருக்கும். டிஸ்கின் முதல் 1 எம்பியை மட்டும் நகலெடுத்து வைப்பவர்கள் இந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிடுகிறார்கள். பயாஸும், ஜிபிடிக்கு முந்தைய எம்பிஆர் அட்டவணையும் உள்ள பழைய கணினிகளில், லினக்ஸை ஏற்றும் பூட்லோடரான க்ரப்பின் ஒரு துண்டு, முதல் செக்டாருக்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் நடுவே, எந்தப் பார்ட்டிஷனிலும் சேராத வெற்றிடத்தில் உட்கார்ந்திருக்கும். பார்ட்டிஷன்களை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்தால் அது இமேஜில் வராது.

இன்னொன்று டிஸ்கிலேயே கிடையாது. யூஇஎஃப்ஐ பூட் பட்டியல், அதாவது 'விண்டோஸ் பூட் மேனேஜர்', 'உபுண்டு', 'ஃபெடோரா' என்று எஃப்12 அழுத்தினால் வரும் வரிசை, மதர்போர்டில் உள்ள என்விராம் நினைவகத்தில் இருக்கிறது. டிஸ்கை எவ்வளவு துல்லியமாக நகலெடுத்தாலும் அது நகலில் இருக்காது. 'ரீஸ்டோர் வெற்றி' என்று வந்த பிறகும் கணினி பூட் ஆகாமல் நிற்பதற்கு இதுவே முதல் காரணம்.

சரி, எந்த மென்பொருள்?

எங்கள் பரிந்துரை க்ளோன்ஸில்லா. அதன் எழுத்துத்திரை மிரட்டினால் ரெஸ்க்யூஸில்லா. விண்டோஸை வாரந்தோறும் ஓடும் நிலையிலேயே எடுக்க வேண்டுமென்றால், கூடவே விண்டோஸுக்குள் ஓடும் ஒன்று.

க்ளோன்ஸில்லா தைவானின் தேசிய உயர்திறன் கணினி மையத்தில் உருவான கட்டற்ற மென்பொருள். பென்டிரைவிலிருந்து தானே பூட் ஆகிறது. அதனால் எந்த இயங்குதளமும் ஓடாத நேரத்தில் டிஸ்கைத் தொடுகிறது. உள்ளே வேலை செய்யும் பார்ட்க்ளோனுக்கு என்டிஎஃப்எஸ், ஃபேட், எக்ஸ்ஃபேட், இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ், எஃப்2எஃப்எஸ் எல்லாம் புரியும். ஆகவே பயன்பட்ட பிளாக்குகளை மட்டும் எடுக்கும். பார்ட்டிஷன் அட்டவணையையும் எம்பிஆருக்குப் பின்னுள்ள வெற்றிடத்தையும் தனித்தனிக் கோப்புகளாகச் சேமிக்கும். என்விராம் பூட் பட்டியலைக்கூட ஒரு கோப்பாக எழுதி வைத்து, ரீஸ்டோரின்போது சரிசெய்ய முயலும். இதன் குறைகள்: மாற்றங்களை மட்டும் எடுக்கும் இன்கிரிமென்டல் பேக்கப் இல்லை, இமேஜைத் திறந்து ஒரே ஒரு கோப்பை எடுக்க நேரடி வழி இல்லை, போடும் இடம் மூலத்துக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும்.

ரெஸ்க்யூஸில்லா அதே வடிவ இமேஜைத்தான் எழுதுகிறது, மவுஸால் இயக்கலாம். ஒன்றில் எடுத்ததை மற்றதில் போடலாம். இமேஜைத் திறந்து பார்க்கும் கருவியும் உண்டு. ரீஸ்டோர் திரையில் 'பார்ட்டிஷன் அட்டவணையை மேலெழுது' என்றொரு பெட்டி வரும். ஒரு பார்ட்டிஷனை மட்டும் போடும்போது அதில் டிக் இருக்கக் கூடாது.

மேக்ரியம் ரிஃப்ளெக்ட் விண்டோஸுக்குள் ஓடுவதில் சிறந்தது: வேகமானது, இன்கிரிமென்டல் உண்டு, இமேஜை ஒரு டிரைவ் போலத் திறக்கலாம், விண்டோஸ் பூட்டைச் சரிசெய்யும் கருவி அதன் மீட்பு ஊடகத்திலேயே இருக்கிறது. இலவசப் பதிப்புக்கான ஆதரவு 2024 ஜனவரியோடு நின்றுவிட்டது, இப்போது சந்தா. லினக்ஸில் இஎக்ஸ்டி வகைகளை அது புரிந்துகொள்ளும். பிடிஆர்எஃப்எஸ், எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பிரித்து நிர்வகிக்கும் லினக்ஸ் அமைப்பு) போன்றவற்றை முழு செக்டார் நகலாகத்தான் எடுக்கும்: உதாரண லேப்டாப்பின் ஃபெடோராவில் 20 ஜிபிதான் பயன்பட்டிருந்தாலும் 150 ஜிபியையும் படித்துத் தீர்க்கும்.

பல பூட் கணினிகளோடு நெடுநாள் பழகியவர்கள் டெராபைட் நிறுவனத்தின் இமேஜ் ஃபார் விண்டோஸ், இமேஜ் ஃபார் லினக்ஸ் ஆகியவற்றைச் சொல்வார்கள். திரை பழைய பாணி. ஆனால் எழுதியதை மூலத்தோடு பைட் பைட்டாக ஒப்பிடும் வசதி உண்டு. காசு கொடுத்து வாங்குவதானால் இதையும் பாருங்கள். வீம் ஏஜென்ட் விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் தனித்தனியாக இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வோர் இயங்குதளத்திலும் தனியாக நிறுவ வேண்டும் என்பதால் மூன்று இயங்குதள லேப்டாப்புக்குச் சுமைதான்.

விண்டோஸோடு வரும் 'சிஸ்டம் இமேஜ் பேக்கப்'பை மைக்ரோசாஃப்டே 2017-இல், விண்டோஸ் 10-இன் 1709 பதிப்போடு, கைவிடப்படும் வசதிகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. கன்ட்ரோல் பேனலில் இன்னும் தெரிகிறது என்பதற்காக அதை நம்ப வேண்டாம்.

'செக்டார் பை செக்டார்' எடுத்தால் எல்லாம் வந்துவிடுமே, அதுதானே மிகப் பாதுகாப்பானது?

எல்லாம் வரும், குப்பையும் சேர்த்து. லினக்ஸின் நகல் கட்டளையான டிடியால் 1 டிபி டிஸ்கை எடுத்தால் 1 டிபி கோப்பு கிடைக்கும். அழிக்கப்பட்ட பழைய கோப்புகளின் எச்சம் சுருக்கத்துக்கு வளைந்து கொடுக்காது. திருப்பிப் போடும்போதும் 1 டிபி முழுவதும் எழுதப்படும், பார்ட்டிஷனைத் தனியாகப் பிரித்தெடுக்கக் கைக்கணக்கு போட வேண்டியிருக்கும். அதோடு, ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளத்தின் பார்ட்டிஷனை டிடியால் எடுத்தால், தொடக்கத்தில் படித்த பகுதியும் முடிவில் படித்த பகுதியும் வெவ்வேறு நேரத்தைச் சேர்ந்தவையாக இருக்கும். அந்த நகல் பயன்படாது. மென்பொருளுக்குப் புரியாத கோப்பு முறைமை, பூட்டப்பட்ட என்க்ரிப்ஷன் என்று வேறு வழியில்லாத இடத்தில் மட்டும் இதைக் கையாளுங்கள்.

விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே இமேஜ் எடுக்கலாமா?

விண்டோஸ் பார்ட்டிஷனை எடுக்கலாம். விஎஸ்எஸ் என்ற ஷேடோ காப்பி வசதி அந்த நொடியின் நிலையை உறையவைத்துக் கொடுக்கும். அதே நேரத்தில் லினக்ஸ் பார்ட்டிஷன்கள் மவுன்ட் ஆகாமல், அதாவது திறக்கப்படாமல், கிடப்பதால் அவையும் நிலையாகவே இருக்கும். லினக்ஸுக்குள்ளிருந்து எடுப்பதென்றால் எல்லாக் கோப்பு முறைமைக்கும் பொதுவான அப்படியொரு வசதி கிடையாது. எல்விஎம் அல்லது பிடிஆர்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட் தேவை. ஆகவே முழு டிஸ்க் இமேஜுக்குப் பென்டிரைவில் பூட் செய்வதே நல்லது.

எடுப்பதற்கு முன் என்ன தயாரிப்பு?

முதலில் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்துங்கள். விண்டோஸ் 8-இலிருந்து 'ஷட் டவுன்' என்பது முழு அணைப்பு இல்லை. இயங்குதளத்தின் மையமான கெர்னலின் நிலை ஹைபர்னேஷன் கோப்பில் எழுதப்பட்டு, என்டிஎஃப்எஸ் பாதி திறந்த நிலையில் விடப்படும். க்ளோன்ஸில்லா அந்தப் பார்ட்டிஷனை எடுக்க மறுத்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். நிர்வாகி உரிமையோடு கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து பவர்சிஎஃப்ஜி கட்டளையில் ஹைபர்னேஷனை அணைத்துவிட்டால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் சேர்ந்து போய்விடும். ராம் அளவைப் பொறுத்துப் பல ஜிபி இடமும் கிடைக்கும். ஒரே ஒரு முறைக்கு மட்டும் என்றால் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுங்கள். 'ரீஸ்டார்ட்' எப்போதும் முழு அணைப்புதான்.

இந்த அமைப்பு டி டிரைவையும் பாதிக்கும். விண்டோஸ் ஹைபர்னேட் ஆகியிருக்கும்போது லினக்ஸ் பக்கமிருந்து டி டிரைவில் எழுதினாலோ அதை மட்டும் ரீஸ்டோர் செய்தாலோ, விண்டோஸ் எழுந்ததும் தன் நினைவிலிருக்கும் பழைய அட்டவணையை மேலே எழுதிவிடும். கோப்புகள் போய்விடும். லினக்ஸிலும் இதே ஆபத்து உண்டு: ஸ்வாப்பில் ஹைபர்னேஷன் இமேஜ் இருக்கும்போது, லினக்ஸ் நிறுவப்பட்டிருக்கும் ரூட் பார்ட்டிஷனை ரீஸ்டோர் செய்து, பிறகு பழைய நிலையிலிருந்து தொடர்ந்தால் கோப்பு முறைமை சிதையும். மூன்றையும் முழுமையாக அணைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

பிறகு விண்டோஸில் சி, டி இரண்டிலும் பிழை தேடும் சிஹெச்கேடிஸ்க் கட்டளையை ஓட்டுங்கள். லினக்ஸில் பேக்கேஜ் கேச், பழைய கெர்னல்கள், குப்பைத்தொட்டி ஆகியவற்றை அகற்றுங்கள். கடைசியாக, பார்ட்டிஷன் பட்டியல், யூயூஐடிகள் (ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் உள்ள அடையாள எண்கள்), லினக்ஸின் எஃபிபூட்எம்ஜிஆர் கட்டளை காட்டும் பூட் வரிசை மூன்றையும் ஓர் உரைக்கோப்பில் போட்டு, வேறொரு சாதனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். செல்போனில் திரையைப் படம் எடுத்து வைத்தாலும் போதும்.

விண்டோஸின் பிட்லாக்கர், லினக்ஸின் லக்ஸ் என்க்ரிப்ஷன் இருந்தால்?

முதலில், பிட்லாக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பல கணினிகளில் அது கேட்காமலே இயங்கிவிடுகிறது. 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைக்காமல் எந்த வேலையையும் தொடங்காதீர்கள். பூட் அமைப்பில் எந்த மாற்றம் நடந்தாலும், க்ரப் வழியாக விண்டோஸை ஏற்றினால்கூட, சில கணினிகள் அந்தச் சாவியைக் கேட்கும்.

வெளியிலிருந்து பூட் செய்து எடுத்தால், பிட்லாக்கர் பார்ட்டிஷன் அர்த்தமற்ற பைட்டுகளாகத்தான் தெரியும். 300 ஜிபியும் சுருங்காமல் அப்படியே வரும். விண்டோஸுக்குள்ளிருந்து எடுத்தால் பயன்பட்ட அளவு மட்டும் வரும், ஆனால் இமேஜுக்குள் தரவு பூட்டில்லாமல் இருக்கும். அந்த இமேஜுக்குக் கடவுச்சொல் போடுங்கள். மாற்றங்கள் செய்யும் நாளில் பிட்லாக்கரை 'சஸ்பெண்ட்' செய்து வைத்தால் தொல்லை குறையும். சஸ்பெண்ட் செய்தால் சாவிச் சோதனைதான் தற்காலிகமாக நிற்கும், டிஸ்கில் உள்ள தரவு என்க்ரிப்ட் ஆகியே இருக்கும். எனவே வெளியிலிருந்து எடுக்கும் இமேஜின் அளவு அதனால் குறையாது.

லக்ஸுக்கு, க்ளோன்ஸில்லாவின் புதிய பதிப்புகள் கடவுச்சொல்லை வாங்கித் திறந்து உள்ளிருப்பதை எடுக்கும். எப்படியிருந்தாலும் லக்ஸ் ஹெட்டரை (சாவி விவரங்கள் இருக்கும் தொடக்கப் பகுதி) தனியாக ஒரு பேக்கப் எடுங்கள். லக்ஸ்2-இல் அது வழக்கமாக 16 எம்பிதான். அது கெட்டால் சரியான கடவுச்சொல் தெரிந்தும் பயனில்லை.

பென்டிரைவில் பூட் செய்தால் டிஸ்கே தெரியவில்லை. அல்லது பென்டிரைவே பூட் ஆகவில்லை.

டிஸ்க் தெரியாததற்குப் பழக்கமான காரணம் பயாஸ் அமைப்பில் ஸ்டோரேஜ் முறை 'ரெயிட்' அல்லது 'இன்டெல் ஆர்எஸ்டி' என்று இருப்பது. அதை ஏஹெச்சிஐக்கு மாற்றினால் லினக்ஸுக்குத் தெரியும், ஆனால் அடுத்த முறை விண்டோஸ் நீலத் திரையில் நிற்கும். சரியான வரிசை இது: விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் வழியாக சேஃப் மோடு பூட்டைத் தேர்ந்தெடுங்கள். ரீஸ்டார்ட் செய்யும்போதே பயாஸில் நுழைந்து முறையை மாற்றுங்கள். சேஃப் மோடில் ஒரு முறை எழட்டும், பிறகு சேஃப் மோடை நீக்குங்கள். இரண்டாவது சாத்தியம், புதிய டிஸ்க் கன்ட்ரோலரைப் பழைய கெர்னல் அறியாமலிருப்பது. மென்பொருளின் சமீபத்தியப் பதிப்பை இறக்குங்கள்.

பென்டிரைவ் பூட் ஆகாததற்குக் காரணம் பெரும்பாலும் செக்யூர் பூட், அதாவது நம்பகமான கையொப்பமுள்ள பூட்லோடர்களை மட்டும் அனுமதிக்கும் யூஇஎஃப்ஐ அமைப்பு. க்ளோன்ஸில்லாவின் உபுண்டு அடிப்படையிலான பதிப்பை முயலுங்கள். 2024 ஆகஸ்ட் 13 அன்று வந்த விண்டோஸ் அப்டேட் ஒன்று, பழைய லினக்ஸ் பூட்லோடர்களைத் தடைசெய்யும் எஸ்பேட் கொள்கையைப் பல இரட்டை பூட் கணினிகளில் பதித்துவிட்டது. 'எஸ்பேட் சுயசோதனை தோல்வி' என்ற அறிவிப்போடு லினக்ஸும் பழைய மீட்புப் பென்டிரைவ்களும் நின்றன. அந்தக் கொள்கையும் என்விராமில்தான் பதிகிறது. அப்டேட்டுக்கு முந்தைய இமேஜைப் போட்டாலும் அது போகாது. செக்யூர் பூட்டை அணைத்து, லினக்ஸில் நுழைந்து, மாக்யூட்டில் கட்டளையால் எஸ்பேட் கொள்கையை நீக்கி, லினக்ஸைப் புதுப்பித்து, ரீபூட் செய்தபின் செக்யூர் பூட்டை மறுபடி இயக்க வேண்டும்.

க்ளோன்ஸில்லாவில் படிப்படியாக எப்படி எடுப்பது?

1. எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் அல்லது இஎக்ஸ்டி4 உள்ள வெளி டிஸ்க் ஒன்றைச் செருகுங்கள். ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது என்பதால் அதைத் தவிர்க்கலாம். லேப்டாப் என்றால் சார்ஜரில் இருக்கட்டும்.
2. பூட் ஆனதும் 'டிவைஸ்-இமேஜ்', பிறகு 'லோக்கல் டெவ்' தேர்ந்தெடுங்கள். இமேஜ் போய்ச் சேர வேண்டிய பார்ட்டிஷனை அது கேட்கும். இங்கே வெளி டிஸ்கைக் கொடுங்கள்.
3. 'பிகினர்' முறையே போதும். முழு டிஸ்கை எடுக்க 'சேவ்டிஸ்க்', குறிப்பிட்டவற்றுக்கு மட்டும் 'சேவ்பார்ட்ஸ்'.
4. இமேஜுக்குப் பெயர் வையுங்கள். தேதியும் லேப்டாப் பெயரும் அதில் இருக்கட்டும், இடைவெளி வேண்டாம்.
5. மூல டிஸ்கைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு என்விஎம்இ டிஸ்க் இருந்தால், அவற்றின் 0, 1 எண்கள் ஒவ்வொரு பூட்டிலும் மாறி வரலாம். மாடல் பெயரையும் சீரியல் எண்ணையும் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.
6. சுருக்கத்துக்கு இசட்எஸ்டிடி. ஜிஜிப்பைவிட வேகம், அளவும் குறைவு.
7. 'எடுத்த இமேஜ் ரீஸ்டோர் ஆகுமா என்று சோதி' என்பதற்கு ஆம் சொல்லுங்கள். கூடுதல் நேரம் எடுக்கும், பரவாயில்லை.

ஸ்வாப்பின் உள்ளடக்கத்தை அது எடுக்காது, யூயூஐடியை மட்டும் குறித்துக்கொள்ளும். அது போதும்.

எடுக்கும் பென்டிரைவின் பதிப்பும் முக்கியம். 2023-இல் வந்த, இஎக்ஸ்டி4-க்கான கருவித்தொகுப்பான இ2எஃப்எஸ்ப்ராக்ஸ் 1.47.0, புதிதாக உருவாக்கும் இஎக்ஸ்டி4-இல் இரண்டு புதிய அம்சங்களை இயல்பாகவே இயக்கிவிடுகிறது. அதற்கு முந்தைய கருவிகள் கொண்ட பழைய பென்டிரைவ் அந்தப் பார்ட்டிஷனைச் சோதிக்க மறுக்கும். பிடிஆர்எஃப்எஸ்ஸிலும் இப்படி நடக்கும். டிஸ்கில் உள்ள லினக்ஸ்களைவிடப் பென்டிரைவ் பழையதாக இருக்கக் கூடாது.

எவ்வளவு இடம், எவ்வளவு நேரம்?

பயன்பட்ட அளவு 180 ஜிபி என்றால் சுருக்கத்துக்குப் பின் அதில் பாதி முதல் முக்கால் பங்கு வரை எதிர்பார்க்கலாம். வீடியோவும் புகைப்படமும் நிறைந்த டி டிரைவ் கிட்டத்தட்டச் சுருங்காது. அதை இமேஜில் சேர்க்காமல் கோப்பு நகலாக எடுப்பதே மேல். நேரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வெளி டிஸ்க்தான். நொடிக்கு 100 எம்பி எழுதும் யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்கில் 180 ஜிபி அரை மணி நேரம். யூஎஸ்பி 2 பொருத்தியில் தவறிச் செருகிவிட்டால் ஒன்றரை மணி நேரம்.

விண்டோஸ் மட்டும் கெட்டுவிட்டது. லினக்ஸ் இரண்டையும் தொடாமல் அதை மட்டும் போடுவது எப்படி?

'ரீஸ்டோர்டிஸ்க்' பக்கம் போகவே கூடாது, 'ரீஸ்டோர்பார்ட்ஸ்' மட்டும். முழு டிஸ்க் இமேஜிலிருந்தும் ஒரு பார்ட்டிஷனை இப்படி எடுக்கலாம். விண்டோஸ் பார்ட்டிஷனை மட்டும் டிக் செய்யுங்கள். எக்ஸ்பர்ட் முறையில் போனால் 'பார்ட்டிஷன் அட்டவணையை உருவாக்காதே' என்பது தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். க்ரப்பை மறுநிறுவும் தேர்வை எடுத்துவிடுங்கள். க்ளோன்ஸில்லா இரண்டு முறை உறுதி கேட்கும். இரண்டாவது முறை வரும் திரையில் எந்தப் பார்ட்டிஷன் அழியப்போகிறது என்று இருக்கும், அதைப் படித்தபின் 'ஒய்' அழுத்துங்கள்.

இமேஜ் எடுத்தபின் பார்ட்டிஷன் எண்கள் மாறியிருக்கலாம். விண்டோஸ் பெரிய அப்டேட்டின்போது சி டிரைவைச் சுருக்கிப் புதிய ரெக்கவரி பார்ட்டிஷன் உருவாக்குவதுண்டு. அப்போது சி முன்பைவிடச் சிறிதாகியிருக்கும். பழைய இமேஜ் உட்காராது. பார்ட்டிஷன் அளவை மாற்றும் கருவியான ஜிபார்ட்டடில் அதைப் பழைய அளவுக்குப் பெரிதாக்கிவிட்டுத்தான் போட முடியும். பார்ட்டிஷனின் பெயர் மட்டும் மாறியிருந்தால், இமேஜுக்குள் உள்ள பெயரை மாற்றும் கருவி க்ளோன்ஸில்லாவிலேயே இருக்கிறது.

இஎஸ்பியையும் சேர்த்துப் போடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். மூன்று இயங்குதளங்களுக்கும் அது பொது. பழைய இஎஸ்பியைப் போட்டால் லினக்ஸ்களின் பூட்லோடர்களும் பழையதாகிவிடும். இஎஸ்பி உண்மையிலேயே கெட்டிருந்தால் மட்டும் போடுங்கள்.

லினக்ஸைத் தனியாகப் போடும்போது நிலைமை நேர் எதிர். ஃபெடோராவின் ரூட்டை மூன்று மாதப் பழைய இமேஜிலிருந்து போட்டு, தனி பூட் பார்ட்டிஷனை அப்படியே விட்டால், பூட்டில் இருப்பது புதிய கெர்னல், ரூட்டில் இருப்பது பழைய கெர்னலுக்கான மாட்யூல்கள், அதாவது டிரைவர்கள். கணினி எழும்; வைஃபை இருக்காது, ஒலி இருக்காது, சில வேளை திரையே வராது. ரூட்டும் பூட்டும் ஒரே இமேஜிலிருந்து சேர்ந்தே போக வேண்டும். உபுண்டுவில் பூட் தனியாக இல்லாததால் இந்தத் தொல்லை இல்லை.

போட்டாயிற்று. பூட் ஆகவில்லை. இப்போது?

எஃப்12 பட்டியலை முதலில் பாருங்கள்.

பட்டியலில் விண்டோஸே இல்லையென்றால், விண்டோஸ் நிறுவல் பென்டிரைவில் பூட் செய்து ஷிஃப்ட் எஃப்10 அழுத்துங்கள். டிஸ்க்பார்ட்டில் இஎஸ்பிக்கு எஸ் என்ற எழுத்தைக் கொடுத்து, பிசிடிபூட் கட்டளையை விண்டோஸ் ஃபோல்டரைக் காட்டி, எஸ் டிரைவுக்கு, யூஇஎஃப்ஐ வகையாக ஓட்டுங்கள். பூட் கோப்புகளையும் என்விராம் பதிவையும் அது புதிதாக எழுதும். விண்டோஸைப் பட்டியலின் முதலிடத்துக்கும் கொண்டுபோய்விடும். லினக்ஸில் எஃபிபூட்எம்ஜிஆர் மூலம் வரிசையை மாற்றிக்கொள்ளலாம்.

உபுண்டு இல்லையென்றால் லைவ் பென்டிரைவிலிருந்து ரூட்டையும் இஎஸ்பியையும் மவுன்ட் செய்து, சிஹெச்ரூட் கட்டளையால் அந்த உபுண்டுவுக்குள் நுழைந்து, க்ரப்-இன்ஸ்டாலும் அப்டேட்-க்ரப்பும் ஓட்டினால் வந்துவிடும். ஃபெடோராவில் யூஇஎஃப்ஐக்கு க்ரப் இன்ஸ்டால் கட்டளையை ஓட்டக் கூடாது; ஷிம், க்ரப் இஎஃப்ஐ பேக்கேஜ்களை மறுநிறுவல் செய்ய வேண்டும். உபுண்டு முறையை அப்படியே இங்கே செய்து செக்யூர் பூட்டைக் கெடுத்துக்கொள்பவர்கள் நிறைய.

மூன்றுமே இருக்கின்றன, க்ரப் மெனுவில் மட்டும் விண்டோஸ் காணவில்லை என்றால், 2021-இல் வந்த க்ரப் 2.06 முதல், மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் இயல்பாக அணைக்கப்பட்டிருப்பதுதான் காரணம். க்ரப் அமைப்புக் கோப்பில் அதை இயக்கி மெனுவைப் புதுப்பியுங்கள்.

லினக்ஸ் எழுந்து, ஒன்றரை நிமிடம் காத்திருந்து, எமர்ஜென்சி மோடில் விழுந்தால், மவுன்ட் செய்ய வேண்டியவற்றின் பட்டியலான எஃப்எஸ்டேப்பில் உள்ள ஏதோ ஒரு யூயூஐடி இப்போது டிஸ்கில் இல்லை என்று பொருள். பெரும்பாலும் புதிதாக ஃபார்மேட் செய்த டி டிரைவ்தான்.

புதிய டிஸ்க் பழையதைவிடச் சிறியது. போடலாமா?

நேரடியாக முடியாது. முதலில் மூலத்தில் பார்ட்டிஷன்களைச் சுருக்குங்கள்: சி டிரைவை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டால், லினக்ஸ் பார்ட்டிஷன்களை ஜிபார்ட்டடால். எக்ஸ்எஃப்எஸ்ஸைச் சுருக்க முடியாது, அதைக் கோப்பு நகலாகத்தான் மாற்ற வேண்டும். பிறகு புதிதாக இமேஜ் எடுத்துப் போடுங்கள். '1 டிபி' என்று விற்கும் இரண்டு டிஸ்குகள்கூடச் சில செக்டார் வித்தியாசப்படலாம். டிஸ்கின் கடைசியில் 1 ஜிபி காலியாக விட்டு வைப்பது நல்ல பழக்கம். 512 பைட் செக்டார் டிஸ்கின் இமேஜை 4கே நேட்டிவ் (4096 பைட் செக்டார்) டிஸ்கில் போட முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

டிஸ்கை இன்னொரு டிஸ்குக்கு நேரடியாக நகலெடுத்து, அதாவது க்ளோன் செய்துவிட்டு, இரண்டு டிஸ்கையும் மாட்டி வைக்கலாமா?

கூடாது. இரண்டிலும் ஒரே யூயூஐடிகள் இருக்கும். விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைன் ஆக்கும். லினக்ஸ் எதை ரூட்டாக எடுக்கும் என்று சொல்ல முடியாது. பிடிஆர்எஃப்எஸ்ஸில் இரட்டை யூயூஐடி தரவையே சிதைக்கக்கூடும். க்ளோன் முடிந்ததும் கணினியை அணைத்து, ஒன்றைக் கழற்றிய பின்பே முதல் பூட்.

டிஸ்கில் ஏற்கெனவே பழுதான செக்டார்கள். இமேஜ் பாதியில் நிற்கிறது.

இமேஜ் மென்பொருளை வற்புறுத்தாதீர்கள். சாகும் டிஸ்கைத் திரும்பத் திரும்பப் படிப்பதே அதை முடித்துவிடும். குனூ டிடிரெஸ்க்யூவால், மேப் கோப்பு ஒன்றைக் கொடுத்து, சம அளவோ பெரியதோ ஆன டிஸ்குக்கு முதலில் நல்ல பகுதிகளை மட்டும் இழுங்கள். கெட்ட பகுதிகளை இரண்டாம் சுற்றில் பார்த்துக்கொள்ளலாம். மேப் கோப்பு இருப்பதால் விட்ட இடத்திலிருந்து தொடரும். இமேஜ் எடுப்பதெல்லாம் அந்தப் புதிய டிஸ்கிலிருந்துதான்.

எடுத்த இமேஜ் சரியாக இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

மென்பொருளின் சோதனை, கோப்பு சிதையவில்லை என்று மட்டும் சொல்லும். பூட் ஆகும் என்று சொல்லாது. உறுதியான வழி ஒன்றே: வேறொரு டிஸ்கில் போட்டு, அசல் டிஸ்கைக் கழற்றிவிட்டு, மூன்று இயங்குதளங்களையும் எழுப்பிப் பார்ப்பது. பழைய எஸ்எஸ்டி ஒன்றும் யூஎஸ்பி உறையும் இருந்தால் போதும். விண்டோஸ் யூஎஸ்பியிலிருந்து எழ மறுக்கலாம், ஆகவே கணினிக்குள்ளேயே மாட்டிப் பாருங்கள். அதற்கு வழியில்லையென்றால், குறைந்தபட்சம் மீட்புப் பென்டிரைவில் பூட் செய்து, வெளி டிஸ்க் தெரிகிறதா, இமேஜ் பட்டியலில் வருகிறதா, உள்டிஸ்க் தெரிகிறதா என்று ரீஸ்டோரின் கடைசி உறுதித் திரைவரை போய்த் திரும்பிவிடுங்கள்.

எப்போதெல்லாம் புதிதாக எடுப்பது?

விண்டோஸின் வருடாந்திரப் பெரிய அப்டேட்டுக்கு முன். லினக்ஸைப் புதிய பதிப்புக்கு ஏற்றும் முன். பார்ட்டிஷன் அளவை மாற்றும் முன்னும் பின்னும். பயாஸ் அப்டேட்டுக்கு முன். இவை தவிர மூன்று மாதத்துக்கு ஒன்று. கடைசி இரண்டு இமேஜ்களையும், எல்லாம் புதிதாக நிறுவிய நாளின் முதல் இமேஜையும் வைத்துக்கொண்டு நடுவில் உள்ளவற்றை அழிக்கலாம். வெளி டிஸ்க் வேலை முடிந்ததும் கழற்றப்பட வேண்டும். மாட்டியே இருக்கும் டிஸ்கை ரேன்சம்வேர் கணினியோடு சேர்த்தே பூட்டிவிடும். இமேஜை எடுத்த பதிப்பின் பென்டிரைவையும் அந்த டிஸ்கோடு ஒரே உறையில் போட்டு வையுங்கள்.